என் வேட்டி மட்டும் வெளுத்த கதை

என் தலை நரைப்பதற்கு முன்னொரு காலத்தில், கொடியாற்று நாட்டை மல்லவராயர் என்ற அரசர் ஆண்டு வந்தார். காலையில் கொடுத்த பல்லக்கை மாலையில் பிடுங்கிக்கொள்ளும் குணம். அவர் சபையில் வயிற்றெரிச்சல் பிடித்த பிரதானி ஒருவன் இருந்தான். வேறு யாருமில்லை, நான்தான்.

ஒரு நாள் அரசர் குடிக்க எடுத்த செம்பில் செம்மண் கலங்கியிருந்தது. "தூ! யார் செய்த வேலை இது?"

நான் முந்திக்கொண்டேன். "அரண்மனைப் படித்துறைக்கு மேலேதானே சலவைத்துறை, மகாராசா? ஊர் அழுக்கெல்லாம் உங்கள் செம்பில்தான்."

உண்மை எனக்குத் தெரியும். சலவைத்துறைக்கும் மேலே, அரசர் எனக்குக் கொடுத்த மலைச்சரிவில் மரங்களை வெட்டிவிட்டு, மேலிருந்து கீழாக உழுது இஞ்சி போட்டிருந்தேன். மழை பெய்தால் மண் நேரே ஆற்றுக்குத்தான்.

"பௌர்ணமியோடு சலவைக்காரர்கள் நாட்டைவிட்டுப் போகட்டும்!" என்றார் அரசர்.

நாற்பது குடும்பம். அவர்களுக்காகச் சிலம்பாயி வந்து நின்றாள். அவள் வெளுப்பைச் சபையே புகழும். என்னை ஒருவரும் புகழ்ந்ததில்லை. அந்தக் கடுப்பு வேறு.

"போகிறோம், மகாராசா. இன்று முதலே ஆற்றில் கால் வைக்க மாட்டோம். பௌர்ணமியன்று சபையார் அவரவர் வீட்டார் ஆற்றில் துவைத்த வேட்டியோடு வரட்டும். வெள்ளையாக இருந்தால் அழுக்கு எங்களுடையது."

அரசருக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. சரி என்றார்.

இடையில் இரண்டு மழை. பௌர்ணமியன்று சபை செங்கல் சூளை மாதிரி இருந்தது. "என்னைச் சாமியார் ஆக்கிவிட்டார்களே!" என்று அரசர் தன் காவி வேட்டியைப் பார்த்துப் புலம்பினார். நான் மட்டும் கொக்கு மாதிரி நுழைந்தேன்.

"பிரதானி, உம்முடையதை எங்கே துவைத்தீர்?"

அறிவு இருந்தால் பொய் சொல்லியிருப்பேன். "என் இஞ்சித் தோட்டத்துக்கு மேலே, மகாராசா! அங்கே ஆறு பளிங்கு!"

சபை சிரித்த பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது.

"தோட்டத்துக்கு மேலே பளிங்கு, கீழே சேறு!" என்ற அரசர் சிலம்பாயியிடம் திரும்பினார். "இவர் இப்படி வருவார் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினைந்து வருஷமாகத் துவைக்கிறேன், மகாராசா. ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் திருப்பி அனுப்புவார். காவியில் வருவாரா?"

சலவைத்துறை அவர்களுக்கே நிலைத்தது. சரிவு முழுக்க மரம் வளரும்வரை நான் கன்று நட வேண்டும், மேற்பார்வை சிலம்பாயி என்று உத்தரவானது.

"குழி ஆழம் போதாது, சாமி" என்பாள், வரப்பில் நின்றுகொண்டு.

இன்றுவரை அவளோடு நான் பேசுவதில்லை. குழியை இன்னும் கொஞ்சம் வெட்டுகிறேன்.