நாலு நாளாகக் கடை மாவு

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குரு நஸ்ரினுக்கு முப்பத்தொன்று. இதில் யாருக்கும் சங்கடம் இல்லை, நாச்சிமுத்துவின் மைத்துனரைத் தவிர.

முப்பது வருஷம் பம்புசெட் கம்பெனியில் தரப் பரிசோதனை பார்த்தவர் நாச்சிமுத்து. முதல் பம்பும் பத்தாயிரமாவது பம்பும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் போயும் போயும் ஒரு அனலாக் சின்தசைசரை வாங்கினார். அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது. கரண்டையே வளைத்து நெளித்துச் சத்தமாக்குகிற பெட்டி அது. அறுபது திருகுகள், இருபத்தேழு வயர்கள். எதை எதில் மாட்டினால் என்ன வரும் என்று நாமேதான் தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்ததை அது ஞாபகமும் வைத்துக்கொள்ளாது.

கோயம்புத்தூரில் இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் பதினான்கு பேர் இருந்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருவர் வீட்டில் கூடி வாசிப்பார்கள். தங்களைச் சோதனை மின்னிசைக் குழு என்று சொல்லிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்தார் இரைச்சல் பார்ட்டி என்றார்கள். இரண்டாவது பெயர்தான் நிலைத்தது. நஸ்ரின் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிறவர். அந்தப் பதினான்கு பேரில் கரண்டின் குணம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், கற்றுக்கொடுக்கிற தண்டனையும் அவர் தலையில் விழுந்தது.

புதன்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து அவர் கடைக்கு வந்தார். கையில் ஒரு ஃபைல்.

"டீச்சர், அதே சத்தம் மறுபடி வரோணும்னா என்ன பண்றது?"

"எந்தச் சத்தமுங்க?"

"போன வியாழக்கிழமைச் சத்தம்."

நஸ்ரின் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தார். இந்தக் கேள்வி இது ஒன்பதாவது தடவை. முந்தைய எட்டும் போனில் வந்தவை.

விஷயம் இதுதான். சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெட்டியை நாச்சிமுத்துவின் மனைவி சுலோச்சனாவுக்கு ஒன்றரை வருஷமாகவே பிடிக்காது. ஆனால் போன வியாழக்கிழமை சாயங்காலம் அவர் சமையலறையிலிருந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது நல்லா இருக்குதுங்க" என்றார். "இந்த மாசக் கூட்டத்தை நம்ம வீட்டுலயே வெச்சுக்கங்க. ஆனா இதைத்தான் வாசிக்கோணும். நானும் உக்காந்து கேக்கறேன்."

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு பேருக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை பெட்டியைப் போட்டால் அந்தச் சத்தம் வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று எந்த நாளும் வரவில்லை. கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

"வயரை மாத்துனீங்களா?"

"ஒண்ணு கூட மாத்தலைங்க. இதோ போட்டோ. ஒவ்வொரு திருகும் எத்தனை டிகிரியில நிக்குதுன்னு அளந்து எழுதி வெச்சிருக்கறனுங்க."

"வேற என்ன பண்ணுனீங்க?"

நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். பெட்டியைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டார். சூட்டில் சுருதி நழுவுமே என்று ஏ.சி.யை இருபத்திநாலில் வைத்தார். கரண்ட் ஏறி இறங்கக் கூடாது என்று ஸ்டெபிலைசர் போட்டார். கதவைச் சாத்தினார்.

"ஒரு குறை வெக்கலைங்க டீச்சர்."

நஸ்ரினிடம் பொறுமை எப்போதுமே கம்மி. இருந்த கொஞ்சத்தையும் அந்த ஃபைல் தின்றுவிட்டது. கடையைப் பூட்டினார்.

"வண்டியை எடுங்க. வீட்டுக்குப் போலாம்."

வீட்டில் சுலோச்சனா காபி கொடுத்தார்.

"வா அம்மிணி. வந்ததும் வந்தே, ரெண்டு தோசை ஊத்தித் தர்றேன். கடை மாவுதான்." சொல்லும்போதே அவர் முகம் கோணியது.

"ஏனுங்கக்கா கடை மாவு?"

"அவரைக் கேளு. வெள்ளிக்கிழமைல இருந்து, மெஷின் ஓடறப்ப ஃபேன் ஆகாது, மிக்சி ஆகாது, கிரைண்டர் ஆகவே ஆகாது. மெஷின் எப்பத்தான் நிக்குது? நாலு நாளாக் கடை மாவைத் திங்கறோம். எனக்கே அலுத்துப்போயி இன்னைக்கு அரிசியை ஊறப் போட்டுட்டேன். அதும் புளிச்சுத்தான் போகப்போகுது."

"இன்னும் மூணு நாளுதானே, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றார் நாச்சிமுத்து. "சனிக்கிழமை உனக்காகத்தானே வாசிக்கறேன்?"

"எனக்காக வாசிக்கறவரு கதவைச் சாத்தீட்டு வாசிப்பாராக்கும்."

நஸ்ரின் காபி டம்ளரை வைத்தார்.

"அக்கா, கடைசியா எப்ப ஆட்டுனீங்க?"

"போன வியாழக்கிழமை. நாலு மணிக்குப் போட்டேன். அந்த மாவு சனிக்கிழமையோட தீந்துது."

"டீச்சர், மாவைப் பத்தி அப்பறம் பேசலாமுங்க. எனக்கு அந்தச் சத்தம்..."

நஸ்ரின் கையைக் காட்டினார். நாச்சிமுத்து வாயை மூடிக்கொண்டார்.

"வியாழக்கிழமை பெட்டியை எங்க வெச்சு வாசிச்சீங்க?"

"இந்த மேஜை மேலதானுங்க."

"எந்த பிளக்குல மாட்டுனீங்க?"

நாச்சிமுத்து தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காட்டினார். அதில் ஒரு வயர் சமையலறைக்குள் போனது. அது கிரைண்டருடையது.

நஸ்ரின் படுக்கையறைக்குப் போனார். ஸ்டெபிலைசரிலிருந்து பெட்டியைப் பிடுங்கி, ஒரு வயரும் கழலாமல் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினார்.

"வாசிங்க."

நாச்சிமுத்து வாசித்தார். சத்தம் நேராக, ஒரே தட்டையாக வந்தது.

"பாத்தீங்களா? செத்துக் கெடக்குது."

"அக்கா, கிரைண்டரைப் போடுங்க."

நாச்சிமுத்து பதறி எழுந்தார். "டீச்சர், கரண்ட் ஆடுமுங்க!"

"ஆடட்டும்."

சுலோச்சனா அரிசியை அள்ளிப் போட்டு ஸ்விட்சைத் தட்டினார். கிரைண்டர் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. கிரைண்டர் சத்தம் அந்த வீட்டில் யார் காதிலும் விழுவதில்லை. அது பாட்டுக்கு அரைமணி நேரம் ஓடும். ஆனால் கல் சுற்றச் சுற்ற, மேஜைமேல் இருந்த பெட்டியின் சத்தம் மெல்லத் தாழ்ந்து, மெல்ல எழும்பியது. மறுபடி தாழ்ந்தது. யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுவது போல இருந்தது.

சுலோச்சனா ஈரக் கையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதேதானுங்க" என்றார்.

நாச்சிமுத்துவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். ஒன்றரை வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த ஒரே ஒரு நல்ல சத்தம். அதற்குள் கேட்காமல் கொள்ளாமல் ஒரு கிரைண்டர் புகுந்திருக்கிறது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எரிச்சல் போய் வெட்கமாகிவிட்டது.

"அப்ப, இது என் சத்தமே இல்லீங்களா டீச்சர்?"

நஸ்ரின் தோசைக்கு மாவு எப்போது ஆகும் என்பது போலச் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். எழும்புவதும் தாழ்வதும் கொஞ்சம் கொஞ்சமாக மிருதுவாயின. நாச்சிமுத்து திருகுகளைப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. அவசரமாக ஃபைலைப் புரட்டினார்.

"டீச்சர், மாறுதுங்க. நான் எதையும் தொடவே இல்லை. ஏனுங்க மாறுது?"

"அரிசி மசியுதுங்க."

நாச்சிமுத்து ஃபைலை மூடினார். ஆனால் முப்பது வருஷப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடுமா? சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"சரிங்க டீச்சர். சனிக்கிழமை இந்தச் சத்தம் வரோணும்னா நான் என்ன பண்ணோணும்?"

"அரிசி ஊறப் போடுங்க."

"எத்தனை படிங்க? எத்தனை மணி நேரம் ஊறோணும்?"

நஸ்ரின் அந்தப் பேனாவைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுலோச்சனாவைப் பார்த்தார்.

"அதை ஏனுங்க எங்கிட்டக் கேக்கறீங்க?"