பேச்சியோட வயிறு கோவிச்சுக்கிட்ட கதை

இந்தா, காலை நீட்டிப் படு. அந்தத் தலகாணிய எனக்குக் குடு, உனக்கு என் மடி போதும். நான் நிறுத்துற எடத்துலயெல்லாம் நீ "ம்" சொல்லணும். நடுவுல தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிக்கக் கூடாது. நீ எந்திரிச்சியன்னா பெரியம்மாவும் எந்திரிச்சுப் போயிப் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சிருவேன். சம்மதமா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு இஸ்திரிக்காரம்மா இருந்தா. பேரு பஞ்சவர்ணம். புருசன் லாரி ஓட்டிக்கிட்டு வடக்க போயிட்டாரு. வீட்டுல அவளும் அவ மகளும்தான். மக பேரு முத்துப்பேச்சி, பதினாலு வயசு. பேச்சி பேச்சின்னு கூப்பிடுவாங்க. அந்தப் பேச்சி இருக்காளே, ஆத்தீ, அப்படித் திம்பா. எட்டு இட்லி வச்சா ஒம்போதாவது எங்கன்னு கேப்பா. அவ திங்கிறதப் பாக்கறதுதான் பஞ்சவர்ணத்துக்குப் பொழுதுபோக்கு.

"என்னைய மாதிரியா?"

நீயெங்க, அரை தோசைய அரை மணி நேரம் வச்சுக்கிட்டு மழுப்புற ஆளு. சும்மா கேளு.

அப்புறம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ, தள்ளுவண்டியில செவப்பா ஒரு சர்பத்து வித்தான். ஈ மொச்சுக்கிட்டுக் கெடக்கு. இவ அதெல்லாம் பாக்கல. மடக்கு மடக்குன்னு ரெண்டு கிளாசு குடிச்சுப்புட்டா. சாயங்காலம் ஆச்சு, வயித்துக்குள்ள குடுகுடு, குடுகுடு. அப்புறம் "உவ்வே"! மேல ஒரு பக்கம், கீழ ஒரு பக்கம், ரெண்டு நாளைக்குப் புள்ள கக்கூசுலயே குடியிருந்துச்சு. தொவச்சுப் போட்ட துணி மாதிரி ஆயிட்டா.

"ச்சீ."

ச்சீங்கிறியா, உனக்கு வந்தப்போ யாருடி அள்ளுனது? "ம்" சொல்லு.

"ம்."

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. டாக்டரம்மா பாத்துட்டு, "வயித்தக் கெடுத்த பூச்சி போயிருச்சும்மா. ஆனா வயிறு புண்ணா இருக்கு, ஆற ஒரு வாரம் பத்து நாள் ஆகும். உப்புச் சக்கரைத் தண்ணிய அப்பப்போ குடுங்க. சாப்பாட்டுக்குக் கட்டாயப்படுத்தாதீங்க, பசி தானா வரும். மறுபடி வாந்தி நிக்காமப் போனாலோ, தண்ணி கூடத் தங்காமப் போனாலோ ஓடியாந்துருங்க"ன்னு சொன்னாங்க. பஞ்சவர்ணம் எல்லாத்துக்கும் தலைய ஆட்டுனா. வாசப்படி தாண்டுனதும் அம்புட்டையும் மறந்துட்டா. பூச்சி போயிருச்சுங்கிறது மட்டுந்தான் அவ மண்டையில நின்னுச்சு. பூச்சி போச்சுன்னா இனிமே புள்ள திங்க வேண்டியதுதானேன்னு அவளுக்கு நெனப்பு.

ஆனா பேச்சிக்குத் திங்க முடியல. காய்ச்சல் இல்ல, வலி இல்ல, தாளிக்கிற வாசனை வந்தா மட்டும் குமட்டும். பால் பொங்குனா குமட்டும். பக்கத்து வீட்டுல மீன் கழுவுனா இவ சன்னலைச் சாத்துவா.

அப்போ அவ வயிறு அவகிட்ட மட்டும் பேசுச்சு. "இந்தா பாரு புள்ள, நான் கோவமா இருக்கேன். அந்தச் செவப்புத் தண்ணிய ஊத்தி என்னையப் புண்ணாக்கிப்புட்ட. கொஞ்ச நாளைக்கு என்னையச் சும்மா விடு."

"வயிறு பேசுமா பெரியம்மா?"

பேசும். உன் வயிறு காலையில என்ன பேசுச்சுன்னு எனக்குத் தெரியும், பலகாரத் தூக்குச்சட்டி பாதி காலியாக் கெடக்கு. கேளு கதைய.

பஞ்சவர்ணத்துக்குப் பொறுக்கல. நேரா சூடம் ஏத்தி, "மாரியாத்தா, என் மக வயிறாரச் சாப்பிடுற வரைக்கும் என் வாயில ஒரு பருக்கை படாது. இது சத்தியம்"னு சொல்லிப்புட்டா. கிறுக்கச்சி. சூடப் பொகை பட்டதும் பேச்சிக்கு "உவ்வே". அது வேற.

ஏண்டி அப்படிச் சத்தியம் பண்ணுனான்னு கேளு. நம்ம ஊர்ல அம்மாக்காரிகளுக்கு வேற என்ன தெரியும்? புள்ளைக்கு ஒண்ணுன்னா மொதல்ல தன் வயித்தக் காயப்போட்டுருவாளுக. பேச்சிக்கு இப்போ ரெண்டு பாரம். தன் வயிறு ஒண்ணு, அம்மா வயிறு ஒண்ணு. நான் திங்கலைன்னா அம்மா செத்துப்போயிருவாளோன்னு புள்ளைக்கு உள்ளுக்குள்ள ஒரே பயம்.

"ம்…"

மொத நாளு. பஞ்சவர்ணம் சுடச்சுடச் சோறு வடிச்சு, உருக்குன நெய்ய ஊத்திக் கொழகொழன்னு பெசஞ்சு கொண்டாந்தா. முன்னாடி உக்காந்துக்கிட்டு அவ வாயையே பாக்குறா. "ஆ காட்டு. எனக்காக ஒரு வாய்."

அம்மாவுக்காகன்னதும் பேச்சி கண்ண மூடிக்கிட்டு முழுங்குனா. வயிறு, "நான் சொன்னேன்ல?"ன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான், "உவ்வே"! நெய்ச்சோறு பாயில. அன்னைக்கு அம்மாவும் பட்டினி.

ரெண்டாம் நாளு. சேதி தெரிஞ்சு பேச்சியோட அத்தை நாகு வந்துட்டா. நாகு வர்றதுக்கு முன்னாடி அவ குரல் வரும். "என்ன மதினி, இந்தக் காலத்துல நெய்ச்சோறு குடுப்பாங்களா? எலும்புல சத்து எறங்கணும்!" தூக்குச்சட்டிய டபார்னு தொறந்தா. உள்ள ஆட்டுக்கால் சூப்பு. மெளகும் பூண்டும் கமகமன்னு தெரு முழுக்க மணக்குது. எனக்கெல்லாம் எச்சி ஊறும். பேச்சிக்குக் கண்ணுல தண்ணி ஊறுது.

இப்போ ஒருத்திக்கு ரெண்டு பேரு உக்காந்து வாயப் பாக்குறாக. பக்கத்து வீட்டுக்காரி வேற வாசல்ல நின்னு எட்டிப் பாக்குறா. அப்போ வயிறு மெதுவாச் சொல்லுச்சு, "இத்தன பேரு உத்து உத்துப் பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கு புள்ள." ஆனாலும் பேச்சி அம்மா மொகத்தப் பாத்தா. கன்னம் ஒட்டிப் போயிருக்கு. சர்ருனு ஒரு உறிஞ்சு உறிஞ்சுனா. உடனே "உவ்வே"! நாகு சேலையில.

"ஹி ஹி…"

சிரிக்காத, புதுச் சேலை அது. நாகு, "மக்க மனுசரு உதவிக்கு வந்தா இப்படித்தான்"னு மொணமொணத்துக்கிட்டே கெணத்தடிக்குப் போனா. அன்னைக்கும் அம்மா பட்டினி.

தூங்கிட்டியா?

"…ம், இல்ல."

மூணாம் நாளு. பஞ்சவர்ணம் கஞ்சி காச்சிக் கொண்டாந்து வச்சுட்டு, துணி தேய்க்க வாசலுக்குப் போனா. பேச்சி யோசிச்சா. நான் திங்க வேணாம், தின்னேன்னு சொன்னாப் போதும், அம்மா சாப்பிட்டுருவால்ல? அப்போ பக்கத்து வீட்டுக் கோழி ஒண்ணு கொக்கொக்குன்னு பின்வாசல்ல வந்துச்சு. கிண்ணத்தோட அதுக்கு முன்னாடி கொட்டிப்புட்டு, வாயத் தொடச்சுக்கிட்டு வந்து, "அம்மா, பூராக் கஞ்சியும் குடிச்சுட்டேன். நீ சாப்பிடும்மா"ன்னா.

பஞ்சவர்ணத்துக்கு மொகமெல்லாம் பல்லு. "குடிச்சுட்டியா என் ராசாத்தி!"ன்னு தட்டக் கழுவப் போறா. பசி அப்படி. அந்த நேரம் பாத்து அந்தக் கோழி கழுத்தெல்லாம் கஞ்சியப் பூசிக்கிட்டு, மூக்குல ஒரு பருக்கையோட, மகாராணி கணக்கா வீட்டுக்குள்ள நடந்து வருது. கொக். கொக். கொக்.

"ஐயோ!"

ஐயோதான். பஞ்சவர்ணம் கோழியப் பாத்தா, மகளப் பாத்தா. தட்டக் கவுத்தி வச்சா. "எங்கிட்டயே பொய் சொல்றியாடி? உனக்கு நான் என்ன கொறை வச்சேன்? நீ எப்போ நெசமாத் திங்கிறியோ அப்போ நான் திங்கிறேன், போ!"ன்னு கத்திப்புட்டு இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டா. பேச்சி மொகத்த மூடிக்கிட்டு அழுதா. அவ என்ன, வேணும்னேயா பொய் சொன்னா?

அப்புறம் வெயில் ஏறுது. மூணு நாள் காஞ்ச வயிறு, கையில கரிப்பெட்டி, தலைக்கு மேல வெயில். பஞ்சவர்ணம் போலீசு ஏட்டையா தேய்க்கக் குடுத்த காக்கிச் சட்டைய விரிச்சா. சர்ருனு ஒரு இழுப்பு இழுத்தா. ரெண்டாவது இழுப்புல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தொப்புன்னு விழுந்துட்டா. பெட்டி சட்டை மேலயே நிக்குது. சட்டையில பொகை வருது, ஸ்ஸ்ஸ்.

"அம்மா செத்துட்டாளா?"

சாகலடி, கூறு கெட்டவளே, பெரியம்மா அப்படிக் கதை சொல்லுவேனா? மயக்கம்.

பேச்சி "அம்மா"ன்னு அலறிக்கிட்டு ஓடியாந்தா. மொதல்ல பெட்டியத் தூக்கி ஓரமா வச்சா. மூஞ்சியில தண்ணி தெளிச்சா. நெழலுக்கு இழுத்துட்டுப் போயிச் சொவத்துல சாச்சு வச்சா. பஞ்சவர்ணம் கண்ணு முழிச்சா. பேச்சி தனக்குன்னு தானே கரைச்சு வச்சிருந்த உப்புச் சக்கரைத் தண்ணிய எடுத்து மடக்கு மடக்கா அம்மாவுக்குக் குடிக்கக் குடுத்தா. அப்புறம் அடுப்படிக்குப் போனா. மூணு நாளா மூக்கப் பொத்திக்கிட்டு ஒதுங்குன அடுப்படி. அடுப்புல ஒண்ணும் இல்ல. மண்பானையில பழைய சோறு இருந்துச்சு, முந்தின நாள் யாரும் திங்காம ராத்திரி தண்ணி ஊத்தி வச்சது. சில்லுன்னு இருக்கு. நெய்யில்ல, மெளகில்ல, தாளிப்பில்ல.

உப்பப் போட்டு, கையாலயே பெசஞ்சு, பானையோட தூக்கிட்டு வந்து அம்மா முன்னாடி உக்காந்தா. "ஆ காட்டு."

"சத்தியம் பண்ணியிருக்கேண்டி. நீ தின்னாத்தான் நான் திம்பேன்."

"நானும் இப்பப் பண்றேன் சத்தியம். நீ தின்னாத்தான் நான் திம்பேன்."

"சாமிக்கு வாக்குக் குடுத்துட்டேன் பேச்சி."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொற. எனக்கு ஒண்ணுன்னா நீ தாங்க மாட்ட. உனக்கு ஒண்ணுன்னா மட்டும் நான் தாங்குவேனா?"

பஞ்சவர்ணம் மகளப் பாத்தா. எலும்பும் தோலுமா இருக்கு புள்ள, ஆனா கண்ணு எரியுது கோவத்துல. பொசுக்குன்னு அவளுக்கு அழுகை வந்துருச்சு. கன்னத்துல ரெண்டு போட்டுக்கிட்டு, "மன்னிச்சுக்க ஆத்தா"ன்னு சொல்லிட்டு வாயத் தொறந்தா.

மொத உருண்டை போச்சு. ரெண்டாவது போச்சு. மூணாவதுக்கு, ஏ யப்பா, பசின்னா பசி! மகளையும் மறந்துட்டா, சாமியையும் மறந்துட்டா. லபக்கு லபக்குன்னு முழுங்குறா. "இன்னுங் கொஞ்சம் உப்பு போடுடி"ங்கிறா. "நார்த்தங்கா எங்கடி?"ங்கிறா. நீராகாரத்தச் சொர்ர்ருனு உறிஞ்சுறா. மூணு நாளைக்குப் பெறகு இப்பத்தான் பேச்சிய யாரும் பாக்கல. அவதான் மத்தவுக வாயப் பாத்துக்கிட்டு இருக்கா. அம்மா திங்கிற அழகப் பாத்துப் பாத்து அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு.

"ம்…"

அப்போ ஒரு உருண்டை உருட்டுனா. நெனப்பு எங்கயோ இருந்துச்சு. அம்மா வாயிக்குப் போக வேண்டிய உருண்டை, இவ வாயிக்குப் போயிருச்சு.

சில்லுன்னு எறங்குச்சு. பேச்சி திக்குன்னு உக்காந்துட்டா. வயிறு என்ன சொல்லப் போகுதோன்னு காதப் பொத்திக்கிட்டுக் காத்திருந்தா. வயிறு மெதுவா, "இது பரவால்ல. அவசரப்படாம இன்னொண்ணு குடு"ன்னுச்சு.

பஞ்சவர்ணம் ஓரக்கண்ணால பாத்துட்டா. அவளுக்கு எந்திரிச்சு நின்னு கூத்தாடணும் போல இருக்கு. நாகுவக் கூப்பிடணும், தெருவக் கூட்டணும், ஒரு வாய் தின்னுட்டாடி என் மகன்னு ஊருக்கே கேக்கக் கத்தணும். வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிக்கிட்டா. மூஞ்சியச் சொவத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு, "எனக்கு இன்னும் பசிக்குதுடி, நீ பாட்டுக்குப் பெச"ன்னா.

பேச்சி ஒரு உருண்டை அம்மாவுக்கு, ஒரு சின்ன உருண்டை தனக்குன்னு தின்னுக்கிட்டே இருந்தா. நாலு உருண்டையோட நிறுத்திக்கிட்டா. பஞ்சவர்ணத்துக்கு எப்பயோ வயிறு நெறஞ்சுபோச்சு. வாயில ஒரு பருக்கை கூட இல்ல. ஆனாலும் சொவத்தப் பாத்துக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வழிய, மென்னுக்கிட்டே இருந்தா.

"…அப்புறம்… சரியாப் போச்சா?"

போச்சு. பொசுக்குன்னு இல்ல, அடுத்த நாளு ரெண்டு உருண்டை கூட, அதுக்கு மறுநாள் ஒரு இட்லி. பத்து நாள் ஆச்சு. பொசுங்குன ஏட்டையா சட்டைக்குப் பஞ்சவர்ணம் நல்லா ஒரு ஒட்டுத் துணி வச்சுத் தச்சுக் குடுத்தா. "ம்" சொல்லு.

"ம்" சொல்லுடி.

சரி, சொல்லாத. கதையும் கண்ண மூடிருச்சு, நீயும் மூடிட்ட. வயித்துல கைய வச்சுக்கிட்டுத் தூங்கு சாமி.