ஆறு மீட்டர்

கல்குவாரிக் குழியில் மூழ்கிப்போன முகிலனை அடக்கம் செய்த மறுநாள் பள்ளிக்கூடத்தைத் திறந்தார்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியை தேன்மொழி வகுப்பு வாசல்வரை வந்தாள். உள்ளே போகக் கால் வரவில்லை. திரும்பித் தலைமையாசிரியை ஜெபமணியிடம் போய் நின்றாள்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து எந்தச் சந்தேகம் வந்தாலும் அவரிடம்தான் போவாள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது எப்படி என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

முகிலனோடு போன பிள்ளைகள் சொன்னதை அவரிடம் சொன்னாள். குழியின் விளிம்பில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதாம். 'ஆபத்து. ஆழம் 6 மீட்டர்' என்று எழுதியிருக்கிறதாம். அதை முகிலன்தான் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறான். ஆறுதானே என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறான்.

"அவனுக்கு மீட்டர் தெரியும் டீச்சர். போன வாரம்தான் நடத்துனேன். எல்லாக் கணக்கையும் சரியாப் போட்டான். பிறகு எப்படி இறங்கினான்?"

"மீட்டர்னா எவ்வளவுன்னு கேட்டியா?"

"கேட்டேன். நூறு சென்டிமீட்டர்னு சொன்னான்."

ஜெபமணி எழுந்துபோய் பீரோவைத் திறந்தார். மீட்டர் அளவுகோல் வாங்கிய உறையோடு மூலையில் நின்றது. பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்று யாரும் அதை வெளியே எடுப்பதில்லை. தேன்மொழியும் கரும்பலகையில் ஒரு கோடு போட்டுக் காட்டியதோடு சரி.

ஜெபமணி உறையைக் கிழித்தார். பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டி வரச் சொன்னார்.

"இன்னைக்கு வேணாம் டீச்சர். பாவம், தாங்க மாட்டாங்க."

"குழி அங்கேயேதான் இருக்கு."

மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, இதுதான் தண்ணி மட்டம் என்றார் ஜெபமணி. கோலை மாணவி பர்வீன் கையில் கொடுத்தார். அவள் கோட்டிலிருந்து கோலைக் கிடத்தி, அது முடிந்த இடத்தில் மண்ணைக் கீறி, அங்கிருந்து மறுபடி கிடத்தினாள். மற்றவர்கள் எண்ணினார்கள். முதலில் பாட்டுப் போல உரக்கத்தான் எண்ணினார்கள். போகப் போகக் குரல் இறங்கியது. ஆறு என்று சொன்னது பர்வீன் மட்டும்தான்.

பிறகு பிள்ளைகளை ஒருவர் காலுக்குக் கீழே இன்னொருவர் தலை வரும்படி படுக்கச் சொன்னார். முதல் பிள்ளையின் உச்சந்தலை தண்ணி மட்டத்தைத் தொட்டது. ஐந்து பேர் படுத்த பிறகுதான் கடைசிக் கீறல் வந்தது.

ஐந்தாவதாகப் படுத்தவன் சூசை. வகுப்பில் முகிலனுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன். தலையைத் தூக்கி, மற்ற நாலு பேரையும் தாண்டி, அந்தச் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"முகிலன் இங்கயா டீச்சர் கிடந்தான்?"

"ஆமாம்ப்பா."

மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். சூசை எழவில்லை. தேன்மொழிதான் போய் அவனைத் தூக்கி நிறுத்தி, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டாள். வகுப்புக்குத் திரும்பும்போது எந்தப் பிள்ளையும் ஓடவில்லை. சுண்ணாம்புக் கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

மைதானத்தில் ஆசிரியைகள் இருவரும் நின்றார்கள்.

"இப்படிச் சொல்லித் தரணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே டீச்சர்" என்றாள் தேன்மொழி. "எனக்கு முன்னாடியே சொல்லியிருந்தா..."



ஜெபமணி கோலில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்தார்.

"இத்தனை வருஷமா நானும் நூறு சென்டிமீட்டர்னுதாம்மா நடத்தினேன். அவனைத் தேடித் தீயணைப்புக்காரங்க கயிறு விட்டாங்க பாரு, விட்டுக்கிட்டே இருந்தாங்க. அப்பதான் எனக்கே தெரிஞ்சுது."