இஞ்ஞாசி உபதேசியாரும் மூணு ஆணியும்

ஒரு ஊர்ல ஒரு உபதேசியார் இருந்தாரு. கடற்கரை ஊரு. அவரு பேரு இஞ்ஞாசி. சாமியார் மாசத்துக்கு ஒருதரம்தான் வருவாரு. மத்த நாள்ல செபம் சொல்றது, வேதம் வாசிக்கிறது எல்லாம் இவருதான். ம் கொட்டு.

ம்.

அந்த ஊர்க் கோயில் சிலுவையில மரத்துல செஞ்ச இயேசு சுரூபம் தொங்கும். ஆள் உசரம். தோள்மூட்டுல தோல் வச்சுத் தச்சிருக்கும், கை மடங்கும். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு ஆணியையும் பிடுங்கி, சுரூபத்தை இறக்கி, பெட்டியில கிடத்துவாங்க. ஒவ்வொரு ஆணிக்கும் முன்னாடி கித்தேரிக் கிழவி கீழ நின்னு, மாதா கேக்குற மாதிரி கேப்பா: "வலிக்குதா மக்கா?" அப்புறம்தான் ஆணியில கை வைப்பாங்க. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது? அவ அம்மா. அவளுக்கு? அவளோட அம்மா.

இஞ்ஞாசி டவுன்ல வேதம் படிச்சிட்டு வந்தவரு. அந்தச் சொல்லை வேதத்துல தேடிப் பாத்தாரு. மாதா சிலுவையடியில நின்னான்னு இருக்கு. நின்னு என்ன பேசுனான்னு இல்ல. மறுபடி தேடுனாரு. இல்லவே இல்ல.

அப்போ அந்த வருசம் பெரிய வெள்ளிக்கிழமை சொல்லிட்டாரு: "புத்தகத்துல இல்லாதது ஒரு சொல்லும் கோயிலுக்குள்ள கூடாது."

"எலேய் இஞ்ஞாசி, உன் தொப்புள்கொடியை அறுத்தவ நான். அது எந்தப் புத்தகத்துல இருக்கு?"ன்னா கித்தேரி.

சனம் சிரிச்சுது. அவரு சிரிக்கல. "வாயைத் திறந்தா வெளிய போயிரணும், பெரியம்மா."

அவ கையால வாயைப் பொத்திக்கிட்டா.

அப்புறம் இவரு ஏணியில ஏறுனாரு. வேதத்தைச் சத்தமா வாசிச்சாரு. வலது கை ஆணியை இழுத்தாரு. கிரீ...ச்! பச்சப்புள்ள முனகுற மாதிரி. அந்தக் கை மெதுவா மடங்கி அவரு தோள்மேல விழுந்துச்சு. பொத்! மரந்தான? ஆனா சுட்டுச்சு.

ம்...

அப்புறம் இடது கை. வாசிச்சாரு, இழுத்தாரு. கிரீ...ச்! அந்தக் கையும் வந்து கழுத்தைச் சுத்திக்கிச்சு.

"உபதேசியாரே, எறங்குங்க!"ன்னு கீழ நின்னவங்க கத்துனாங்க. எப்படி எறங்க? ரெண்டு கையும் இறுக்குது. புத்தகம் நழுவி, தொப்புனு விழுந்துச்சு.

அப்போ மூணாவது ஆணிக்கு மனப்பாடமா வேதம் சொன்னாரு. ஒரு எழுத்து பிசகல. கை இன்னும் இறுக்குச்சு. மூச்சு வரல. கண்ணு இருட்டுது. வெளிய கடல் சத்தம்கூட நின்னுபோச்சு.

கித்தேரியைப் பாத்து, "சொல்லு, பெரியம்மா"ன்னு ஜாடை காட்டுனாரு. அவ மாட்டேன்னு தலையாட்டுனா. "அவரு பக்கத்துல நிக்கிறது நீதான? நீயே கேளு."

அப்போ அவரு அந்த மரக் காதுகிட்ட வாயை வச்சுக் கேட்டாரு: "வலிக்குதா... மக்கா?"

கால் ஆணி, யாரும் தொடாமலே, ணங்குனு கீழ விழுந்துச்சு. கை தளந்துச்சு. ஆனா சுரூபம் உடனே விடல. அவரு காதுல என்னமோ சொல்லிட்டுத்தான் விட்டுச்சு.

"என்ன சொல்லுச்சு?"

தெரியாது தங்கம். அடுத்த மாசம் சாமியார் வந்து, பேனாவும் தாளும் குடுத்து, "எழுதும்"ன்னாரு. இஞ்ஞாசி ஒரு பகல் பூரா உக்காந்திருந்துட்டு, வெறுந்தாளையே திருப்பிக் குடுத்தாரு.

"எழுதிட்டா அதை வாசிச்சிட்டுப் போயிருவாங்க, சாமி. அப்புறம் அவருகிட்ட வலிக்குதான்னு யாரும் கேக்க மாட்டாங்க."

கதை கரையேறிருச்சு. நீ கண்ணை மூடு.