திருப்பி அனுப்பவிருந்த டேப்லெட்

பெட்டி ஒட்டும் டேப்பைப் பர்ரென்று இழுக்கும் சத்தம் கோயம்புத்தூரில் கணினிச் சாமான்களை வரவழைத்து விற்கும் ஒரு கிடங்கில் அப்போதெல்லாம் நாள் முழுக்கக் கேட்கும். இழுப்பவள் சுகந்தி. கணினியோடு இணைத்துப் பேனாவால் படம் வரையும் பலகையான மலிவு டேப்லெட்டை வரவழைக்கலாம், பாட்டின் தாளத்துக்குத் திரையில் தோன்றும் வட்டங்களை அந்தப் பேனாவால் தட்டும் கேம் ஆடுகிறவர்கள் வாங்குவார்கள் என்று அவள்தான் சொன்னாள்.

சாம்பிள் ஒன்று வந்தது. சோதிப்பதாகச் சொல்லி மேலாளர் தணிகாசலம் பத்து நாள் வீட்டில் வைத்திருந்தார். பிறகு எல்லார் முன்பும் அதை அவளிடம் நீட்டினார்.

"படம் வரையற பலகையில எவன் கேம் ஆடுவான்? வாங்கற ஒருத்தனைச் சாயங்காலத்துக்குள்ள காட்டு. இல்லன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

சுகந்தி அதைத் திருப்பிப் பார்த்தாள். பேனா முனை மழுங்கியிருந்தது. பலகையின் நடுவே தீப்பெட்டி அளவு இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. படம் வரைகிறவர் கை பலகை முழுக்கப் போகும். தாளக் கேம் ஆடுகிறவர்தான் சின்ன இடத்துக்குள்ளேயே தட்டிக்கொண்டிருப்பார்.

"சரிங்க சார். விக்காத பொருளை எதுக்கு வெச்சிருக்கணும்? இப்பவே திருப்பி அனுப்பிடறேன்" என்று பெட்டியில் வைத்து டேப்பை இழுத்தாள்.

தணிகாசலத்தின் கை பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

"இரும்மா, இது மட்டும் இருக்கட்டும். என்ன விலை வரும்?"

"சாயங்காலம் வரைக்கும் தேட வேண்டியதில்லீங்க சார்" என்றாள் சுகந்தி.

கிடங்கே சிரித்தது.

அதன்பின் பதினோரு வருடம், அங்கே என்ன சரக்கு வாங்குவது என்று முடிவு செய்தவள் சுகந்திதான்.