இரண்டு ஜோடி ஷூ

"எதிலெல்லாம் சிக்கனம் பிடிக்கலாமுங்க, வாத்தியாரம்மா?"

சென்னியப்பன் கேட்ட முதல் கேள்வியே அதுதான். முப்பது வருடம் மளிகைக் கடை நடத்தியவர், வேறென்ன கேட்பார்?

பொம்மி, கூந்தமலைக்கு ஆட்களைக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறவள். அவருக்கு மகள் வயதுதான். ஆனாலும் மலையேறப் பழக வருகிற பெரிய மனிதர்களெல்லாம் அவளை வாத்தியாரம்மா என்றே கூப்பிட்டார்கள்.

"எல்லாத்துலயும் பிடிக்கலாமுங்கண்ணா. கூடாரம் வாடகைக்கு எடுங்க. மழைக்கு பிளாஸ்டிக் ஷீட்டு போதும். குளிருக்கு வீட்டுக் கம்பளி, சமைக்க வீட்டுச் சட்டி. ஷூவுல மட்டும் வேண்டாம்."

பத்து நாள் கழித்து, மனைவி மயிலாத்தாளோடு அடிவாரத்தில் பொம்மியின் வீட்டு முன்னால் வந்து இறங்கினார். மூட்டையைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்றுகூட அநாவசியமாக வாங்கியதில்லை. முகத்தில் அப்படியொரு பெருமை.

கடைசியாக இரண்டு ஷூ டப்பா.

அவருடையது கணுக்காலை மூடுகிற, அடியில் பல் பல்லாக ரப்பர் வைத்த மலையேற்ற ஷூ. அவளுடையது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ.

பொம்மி இரண்டையும் திருப்பி அடியைப் பார்த்தாள்.

"மலைக்குப் போகணும்னு ஆசைப்பட்டது யாருங்கண்ணா?"

"இவதானுங்க. கல்யாணமான புதுசுல இருந்து கேட்டுட்டே இருக்கறா. கடையை விட்டுட்டு எனக்கெங்கீங்க நேரம்? இப்பத்தான் ஒழிஞ்சுது."

"பின்ன அக்காவுக்கு ஏன் இது?"

"இதே போதும்னுட்டாளுங்க."

"எனக்கு எதுவா இருந்தாலும் போதுமுங்க," என்றாள் மயிலாத்தாள் அவசரமாக.

பொம்மி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி, வாசலில் சரிந்து கிடந்த பாறைமேல் ஊற்றினாள்.

"போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் ஏறுங்க."

சென்னியப்பன் விறுவிறுவென்று ஏறி மேலே போய் நின்றார். மயிலாத்தாள் மூன்றாவது அடியில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் ரத்தம் வந்தது. ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே எழுந்தாள்.

"வழி முழுக்க இந்த மாதிரிப் பாறைதான். இதைப் போட்டுட்டு அக்கா வர முடியாது."

சென்னியப்பன் இறங்கி வந்து படியில் உட்கார்ந்தார்.

"டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வந்துரட்டுங்களா?"

"ஏறறதுக்கு அனுமதி இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான். நாளையில இருந்து மழைக்காலம்னு யாரையும் மேல ஏற விடமாட்டாங்க. அடுத்த வருசம் ரெண்டு பேருமா வாங்க. இல்லீன்னா, இப்ப ஒருத்தர் வரலாம்."



மயிலாத்தாள் கேன்வாஸ் ஷூவைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வைத்தாள். ஒரே ஒரு முறை மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க போயிட்டு வாங்க. மேல எப்படி இருந்துச்சுன்னு வந்து சொல்லுங்க."



"அதெப்படி மயிலா, நீ இல்லாம..." என்று சென்னியப்பன் தழுதழுத்தார். நிஜமாகவே தழுதழுத்தார், அதில் பொய்யில்லை.

பொம்மி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரும் குனிந்து பார்த்தார்.

அவருடைய கைகள் ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தன.