பக்கத்து நாற்காலி

ஆசானுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தாறு. தூத்துக்குடியில், தமிழில் எழுதுகிறவர்களுக்காக மென்பொருள் செய்துகொண்டிருந்த சின்ன அலுவலகம் அது. அங்கே வயதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

ஆசான் பெயர் சண்முகக்கனி. சீடர் சேவியர் மோத்தா, முப்பது வருஷம் கப்பலில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். கரைக்கு வந்தபின் சும்மா இருக்கப் பிடிக்காமல் கம்ப்யூட்டர் வேலை படித்து, கனியிடம் வந்து சேர்ந்தார். அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னது, அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவருக்குக் கொடுத்த வேலை சின்னது. எழுதுகிறவர் பத்து ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார். ஒன்றை மூடுகிறார். அடுத்து எந்த ஃபைல் கண்முன் வர வேண்டும்? மோத்தா யோசிக்கவே இல்லை. வரிசையில் பக்கத்தில் எது இருக்கிறதோ அது, என்று செய்து கொடுத்துவிட்டார். பயன்படுத்திப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள். மூடினால் எங்கேயோ கொண்டுபோய் விடுகிறதாம்.

"ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. இதுல என்ன தப்பு, டீச்சர்?" என்று கேட்டார்.

கனி அவர் மகளைப் பற்றி விசாரித்தாள்.

மோத்தா அதை யாரிடமும் பேசுகிறவர் இல்லை. அன்றைக்கு என்னவோ பேசினார். மகள் ரோஸ்லின் நாகர்கோவிலில் இருக்கிறாள், பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரம். எட்டு வருஷமாகப் பேச்சில்லை. அவள் அம்மா இறந்த செய்தி வந்தபோது அவர் கப்பலில் இருந்தார். அடுத்த துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடிக்கலாம் என்று நினைத்தார். அங்கே மாற்று ஆள் வரவில்லை. அதற்கடுத்த துறைமுகத்தில் பார்க்கலாம் என்றார்கள். சரி என்று போனார். அப்படியே ஐந்து மாதம் ஓடிவிட்டது.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கனிக்கு ஃபோன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவள், பக்கத்து நாற்காலிப் பெண்ணிடம் போய் உட்கார்ந்து லீவு விஷயம் பேச ஆரம்பித்தாள். மோத்தா காத்திருந்தார். மனிதருக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது.

"நான் பேசிக்கிட்டுல்லா இருந்தேன், டீச்சர்."

"ஃபோன் முடிஞ்சிது, அண்ணாச்சி. பக்கத்துல இவ இருந்தா" என்றாள் கனி.

அன்று சாயங்காலமே மோத்தா மாற்றி எழுதினார். ஒன்றை மூடினால், எதிலிருந்து அதற்கு வந்தோமோ அதற்கே திரும்ப வேண்டும். எல்லோருக்கும் பிடித்துப்போனது. வினை அவருக்குத்தான் வந்தது.

அவர் கம்ப்யூட்டரில், இதே மென்பொருளில், பெயர் வைக்காத ஃபைல் ஒன்று நாலு மாதமாகத் திறந்தே கிடந்தது. மகளுக்கு எழுதிய கடிதம். 'அன்புள்ள ரோஸ்லினுக்கு' என்று தொடங்கி, 'அம்மா போன அன்றைக்கு நான்' என்ற இடத்தில் நின்றிருந்தது. காலையில் வந்ததும் அதைப் பார்ப்பார், உடனே வேறெதையாவது திறந்துகொண்டு ஓடிவிடுவார். முன்பெல்லாம் அது ஓரத்தில் அதன் பாட்டுக்குக் கிடக்கும். இப்போது எதை மூடினாலும் கடைசியில் அதுவே எதிரே வந்து நின்றது. அதையும் மூடிவிடலாம் என்று இன்ட்டு குறியை அழுத்தினால், சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கும். சேமிக்க என்ன இருக்கிறது, ஒன்றரை வரி. வேண்டாம் என்று சொல்லவோ கை வரவில்லை. 'ரத்து' என்பதை அழுத்திவிட்டு மகளின் பெயரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு வாரம் பொறுத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேட்டுவிட்டார்.

"மூடும்போது இப்படிக் கேள்வி கேக்கணுமா, டீச்சர்? பதில் தெரியாதவன் என்ன செய்வான்?"

கனி அவர் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தான் செய்துவைத்திருந்த புதிய பதிப்பைத் திறந்தாள். கடிதத்தைப் பழையதிலிருந்து வெட்டி அதில் ஒட்டினாள். பிறகு இன்ட்டு குறியை அழுத்தினாள்.

கேள்வி எதுவும் வரவில்லை. திரை காலியாகிவிட்டது.

மோத்தா பதறிப்போய்த் திரையருகே குனிந்தார். "எட்டு வருஷத்துல எம் பிள்ளைக்கு நான் எழுதுனது அது ஒண்ணுதான்" என்றார்.

கனி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். மறுபடி திறக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். மோத்தா உட்கார்ந்து திறந்தார். யாரும் சேமிக்காமலே கடிதம் அப்படியே இருந்தது. 'நான்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் அதை மூடி, மறுபடியும் திறந்து பார்த்தார்.

"மூடி ரொம்ப நாள் ஆயிருந்தா, டீச்சர்?"

"எட்டு வருஷம் ஆனாலும் நீங்க விட்ட எடத்துலதான் நிக்கும், அண்ணாச்சி."